நண்டோடு கை தூக்கிய நாள்

என் வலக்கையில் ஒன்றும் இல்லை. இடக்கையில் உயிருள்ள நண்டு ஒன்று. பெயரைக் கூப்பிட்டதும் நான் ஏன் நண்டு இருந்த கையைத் தூக்கினேன்?

இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. "பதட்டத்துல உனக்கு எது வலது எது இடதுன்னே மறந்துருச்சு" என்கிறார் என் கணவர் சேகர். "கீழ எறக்குனா தொடையக் கவ்விரும்னு தூக்கிப் புடிச்சிருப்ப" என்கிறார் மாமியார். இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் என் மரியாதை அவ்வளவுதான்.

நடந்த இடம் போர்ட் பிளேரில் உள்ள நர்சிங் கல்லூரிக் கூடம். ஊருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. எங்கள் வாய்க்கு இன்னும் அது பிளேர்தான். பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கான கலந்தாய்வு அன்று. நுழைவுத் தேர்வு எழுதும்போது பால் கட்டி ரவிக்கை நனைந்த கதையைப் போன வார இதழில் சொன்னேன். அந்தத் தேர்வில் நான் தேறிவிட்டேன். தேறினேன் என்றால், பட்டியலின் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தேன். சீட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற இடம் அது.

கூடத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். எல்லோரும் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்கள். தரையில் நின்றது நான் மட்டும்.

பிளேர் போகிறவர்கள்

எங்கள் ஊர் மாயாபந்தரில் ஒருவர் பிளேருக்குக் கிளம்புவது அவருடைய சொந்த விஷயம் இல்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பைகள் வரத் தொடங்கும். மகனுக்கு ஊறுகாய், மகளுக்குப் பாக்கு, ரிப்பேருக்குப் போகும் மிக்ஸி ஜார். ஒரு முறை ஒரு சேவல்கூட வந்தது.

பஜாரில் இருந்த அப்பாவின் மளிகைக் கடை பாதி நாள் இந்தப் பைகளுக்குக் கிடங்காகத்தான் இருந்தது. பரமக்குடியிலிருந்து வந்தவர் அவர். "பஸ் ஏறுறவங்கிட்ட குடுக்காம கடல்லயா மிதக்க விடுறது?" என்று கேட்பார். அந்தக் கடையில் வளர்ந்த எனக்கு, முடியாது என்று சொல்ல வரவே வராது.

எங்கள் பக்கத்து வீட்டில் பௌதி இருக்கிறார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவர் பௌதிதான். நான் தேர்வுக்குப் படித்த மாதங்களில் என் மகள் இனியா தவழக் கற்றுக்கொண்டது அவர் வீட்டு வராந்தாவில். அவர்தான் நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய மாலை ஓர் ஈரச் சாக்கோடு வந்து நின்றார்.

"பவானி, மேரா பாய் தபன்கோ தே தேனா. ஹேடோல இருக்கான்ல, பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருவான். பாரி நஹீ ஹை. தோடா கேக்டா, அவ்ளோதான்."

பிளேர் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் இருக்கும் தன் தம்பி தபனிடம் கொடுக்கச் சொல்கிறார், கனமில்லையாம், கொஞ்சம் கேக்டாவாம். கேக்டா என்றால் நண்டு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் பிடித்த பெரிய நண்டுகள். ஒவ்வொன்றின் கொடுக்கும் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். வாழைநாரால் கட்டியிருந்தார். சாக்கு தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

பௌதி போனதும் சேகர் என்னைப் பார்த்தார்.

"பவா, நாம போறது கவுன்சிலிங். நண்டு வியாபாரத்துக்கு இல்ல."

"எப்படிங்க வேணாம்னு சொல்றது? நாள பின்ன அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?"

"அப்ப ஒரு தேங்காயும் எடுத்துக்க. மேடம் சீட் இல்லைன்னுட்டா அங்கயே கொழம்பு வச்சிரலாம்."

அவர் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவர். புயல் கூண்டு ஏற்றினாலும், கப்பல் ரத்தாகிக் கூட்டம் கத்தினாலும் சிரித்துக்கொண்டே இருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஆறுதலாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

முன்பு ஒரு தடவை

எனக்கு ஏன் அவ்வளவு பதட்டம் என்று சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இதே படிப்புக்கு ஒரு முறை விண்ணப்பித்தேன். காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தது. யாராவது விட்டுக்கொடுத்தால் போனில் கூப்பிடுவோம் என்றார்கள். கடை நம்பரைக் கொடுத்திருந்தோம்.

அந்தக் காலத்தில் மாயாபந்தரில் போன் பேசுவது மழையைப் பொறுத்தது. அந்த வாரம் நல்ல மழை. போன் செத்துக் கிடந்தது. நான் கடையிலேயே உட்கார்ந்து ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஈரத் துணியைக் காதில் வைத்த மாதிரி ஒரு சத்தமும் இருக்காது.

பிளேரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒங்க பொண்ண ரெண்டு நாளா கூப்பிட்டாங்களாமே, யாரும் எடுக்கலியாமே." அதற்குள் சீட் எனக்கு அடுத்தவருக்குப் போய்விட்டது. அப்பா அன்று மாலை கடையில் ரேடியோ போடவில்லை. எனக்கு அழுகை வந்ததைவிட அந்த ரேடியோ பாடாததுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது.

பிறகு கல்யாணம், இனியா. அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ், ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதிவு எழுதினார். வலியின் நடுவில் நான் அவர் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் சேகரிடம் சொன்னேன்.  சில மாதம் கழித்து அவர் நர்சிங் சேர்க்கை அறிவிப்பு வந்த செய்தித்தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஆகவே, பெயர் கூப்பிடும்போது நான் அங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கூப்பிடும்போது இருக்க வேண்டும்.

தண்ணீர் தெளித்த கதை

அதிகாலை பஸ். காட்டுப் பாதையில் வண்டிகளைத் தனித்தனியாக விடமாட்டார்கள். கான்வாய் சேரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். பிறகு பஸ்ஸே படகில் ஏறி ஒரு நீரிணையைக் கடக்க வேண்டும். இனியா ஜன்னலோரம் தூங்கினாள். சாக்கு என் கால்களுக்கு நடுவில் இருந்தது.

கொஞ்ச நேரமாக அது அசையவில்லை. செத்துப்போனால் பௌதியிடம் என்ன சொல்வேன்? குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்தேன். படகில் ஏறியதும் மறுபடி தெளித்தேன். இனியா விழித்து அழுதாள். அவளை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் தெளித்தேன்.

"பாப்பாவுக்கும் நண்டுக்கும் ஒரே நேரத்துல ஃபீடிங்கா?" என்றார் சேகர். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பாமலே சிரித்தார்.

பிளேர் பஸ் ஸ்டாண்டில் தபன் இல்லை. போன் செய்தால் பின்னால் கிரேன் சத்தம். மெயின்லேண்ட், அதாவது இந்தியப் பெருநிலத்துக் கப்பல் வந்திருக்கிறதாம், சரக்கு இறக்குகிறார்களாம், ஷிஃப்ட் நீட்டித்துவிட்டார்களாம். "தீதி, இன்னிக்கு நஹீ ஹோகா. நாளைக்குக் காலைல நீங்க எங்க இருக்கீங்களோ அங்க வந்துடறேன், பக்கா" என்றான்.

எனவே நண்டுகள் எங்களோடு லாட்ஜுக்கு வந்தன. குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் வைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். வாழைநார் ஊறினால் இளகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

காலையில் அறையைக் காலி செய்யும்போது மேனேஜரிடம் சாக்கை மத்தியானம் வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "வச்சுட்டுப் போங்கம்மா. ஆனா நீங்க வர்றப்போ சாக்கு மட்டும்தான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

எடுத்துக்கொண்டு போனோம்.

ரேணுகா

கூடத்தில் தரவரிசைப்படி உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்த எண் ரேணுகா என்ற பெண்ணுக்கு. சௌல்தாரியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். பள்ளி முடித்த கையோடு வந்திருந்தாள். அவளுடைய அப்பா சுவரோரம் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பையில என்ன?"

"நண்டு."

அவள் முன்னால் மேஜையில் இருந்த பெரிய மேடத்தைப் பார்த்தாள். "மேடத்துக்கா?"

"ஐயோ இல்லம்மா! ஹேடோல ஒருத்தருக்குக் குடுக்கணும்."

"பிளேர் போறீங்கன்னு தெரிஞ்சிருச்சாக்கும்" என்றாள். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. தீவுப் பெண்.

முன்னால் ஒரு மேஜை. பெரிய மேடம் நடுவில், பக்கத்தில் பெயர் கூப்பிடும் கிளார்க். பின்னால் பலகையில் இரண்டு பத்தி. பிளேரில் எத்தனை இடம் மீதி, மெயின்லேண்ட் கல்லூரிகளில் நம் தீவுக்கு எத்தனை இடம் மீதி என்று எழுதி, ஒவ்வொருவர் எடுக்க எடுக்க அழித்து மாற்றினார்கள். பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அடுத்தவர். எனக்கு மெயின்லேண்ட் முடியவே முடியாது. இனியாவை விட்டுவிட்டுக் கப்பலில் நான்கு நாள் தூரம் போக என்னால் ஆகாது. பிளேரில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பலகையில் பிளேர் பத்தி வேகமாகக் குறைந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்து போகப் போக நான் மனதுக்குள் அவர்களைத் திசை திருப்பிக்கொண்டிருந்தேன். மெயின்லேண்ட் போங்கம்மா, நல்ல ஊரும்மா, ரயிலெல்லாம் இருக்கும்மா.

இனியா சிணுங்கினாள். சேகர் அவளைத் தூக்கிக்கொண்டு, "தபன் வந்துட்டானான்னு கேட்டுல பாத்துட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார். பிளேரில் ஒரே ஒரு இடம் மீதி இருந்தது. எனக்கு முன்னால் ஒரே ஒரு பெண். அவள் மேஜைக்கு முன் நின்று, அவளுடைய அம்மாவோடு எதையோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் யாரோ வீரிட்டார்கள்.

பெஞ்சுக்குக் கீழே

நார் இளகிவிட்டிருந்தது. சாக்கின் வாயும் இளகிவிட்டிருந்தது. ஒரு நண்டு மட்டும் வெளியே வந்து, அந்தப் பளபளப்பான தரையில் பக்கவாட்டில் டக டகவென்று ஓடியது. பெண்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். நர்ஸாகப் போகிற பெண்கள், அவர்களுடைய அப்பாக்கள், ஒரு போலீஸ்காரர், எல்லோரும்.

"யே கிஸ்கா கேக்டா ஹை?" என்று கிளார்க் கத்தினார். கூடம் முழுக்க அந்தக் கேள்வி எதிரொலித்தது. இது யாருடைய நண்டு?

நான் எழுந்து துரத்தினேன். அது சுவரோரப் பெஞ்சுக்குக் கீழே போனது. நானும் மண்டியிட்டுப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு வேகமாக நான் எங்கும் போனதில்லை. அலறலிலும் சிரிப்பிலும் காது அடைத்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த பெண் மெயின்லேண்டை எடுத்துவிட்டாள் என்பதும், கிளார்க் என் பெயரை ஒரு முறை கூப்பிட்டதும், இரண்டாம் முறை கூப்பிட்டதும் எனக்குத் தெரியாது.

நண்டைப் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். பிடித்துவிட்டேன். அந்த நொடியில் ரேணுகாவின் குரல் மட்டும் எல்லாச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது.

"மேடம், அப்சென்ட் போடாதீங்க! அவங்க இங்கதான் இருக்காங்க! பெஞ்சுக்குக் கீழ!"

மூன்றாம் முறை என் பெயர் கேட்டது. நான் பெஞ்சுக்குக் கீழிருந்து வெளியே வந்து, எழுந்து நின்று, கையைத் தூக்கினேன்.

எந்தக் கை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

 நண்டு காற்றில் கால்களை அடித்துக்கொண்டிருந்தது. கொடுக்கிலிருந்து ஒரு துளி என் முழங்கைவரை ஓடி ரவிக்கைக்குள் போனது. பெரிய மேடம் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு நண்டைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல யாரு பவானி?"

கூரை பிளந்துவிடும் போலச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். 

"மேடம், தீசரா கால் ஹோ கயா" என்று, மூன்று முறையும் கூப்பிட்டாகிவிட்டதைச் சொன்னார் கிளார்க், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஹாத் உடாயா நா? கையத் தூக்கிட்டாங்கல்ல? ஆள் இருக்கு. எழுது" என்றார் மேடம். பிறகு என்னிடம், "அதக் கட்டி வச்சுட்டு, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. நக இடுக்கையும்."

நர்சிங்கில் எனக்குக் கிடைத்த முதல் கட்டளை அதுதான்.

கழுவிவிட்டு வந்து மேஜை முன் நின்றேன். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். ஒன்றேகால் என்றேன். முதல் வருடம் ஹாஸ்டலில் தங்க வேண்டும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

"முடியும்னு உறுதியா இருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஹிந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பதில் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டும் போய்விட்டன.

"உறுதியா இல்ல மேடம். ஆனா சீட் வேணும்."

 அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பலகையில் பிளேர் பத்தியைக் கிளார்க் துடைத்தார். அங்கே எழுத இனி எண் இல்லை.

வெளியே சேகர் கேட்டருகே நின்றிருந்தார். தோளில் இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு தபன். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் சேகருக்குப் புரிந்துவிட்டது. எந்தப் புயலுக்கும் மாறாத அந்தச் சிரிப்பு முதல் முறையாகக் கோணிக்கொண்டது. "பவா" என்றார்.

ஹேடோவில் சாப்பாடு

ரேணுகா கொஞ்சம் கழித்து வந்தாள். எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. நான் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கடைசி இடம் அவளுக்கு. அப்படியிருந்தும் அவள்தான் கத்தி நான் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

"உனக்கு வரவேண்டியதும்மா அது. எனக்காகக் கத்துன பாரு, உன்னை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவள் அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"உங்களுக்காகவா கத்துனேன்? போங்கக்கா! நீங்க அத எடுத்தாத்தான் எனக்கு மெயின்லேண்ட். பிளேர்ல எடம் இருந்தா எங்கப்பா என்னை விட்டுருவாராக்கும்? நான் இதுவர ரயிலே பாத்ததில்ல. நீங்க பெஞ்சுக்குள்ள போனப்ப எனக்கு உசுரே போயிருச்சு!"

அவள் குதித்த குதியில் இனியா விழித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா மட்டும் புடலங்காய் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

தபன் யாரையும் விடவில்லை. எல்லோரையும் ஹேடோவில் தன் குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப் போனான். அவன் மனைவி கடுகு அரைத்து நண்டு வைத்தாள். ரேணுகாவின் அப்பா முதலில் வேண்டாம் என்றார். பிறகு கொடுக்கைக் கடித்து உடைப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று தெரிந்தது. "கப்பல்ல ஒடம்புக்குச் சேராதும்மா, வாந்தி மாத்திரை வாங்கிக்கணும்" என்று மகளிடம் சொன்னார். அப்படியென்றால் சம்மதம் என்று எல்லோரும் புரிந்துகொண்டோம்.

சாப்பிட்ட கையோடு மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அத்தை, சீட் கெடச்சிருச்சு!"

"அது இருக்கட்டும். நண்டு தபன் கைல சேந்துச்சா? பௌதி காலைலேருந்து இங்கயே உக்காந்துருக்கா."

"சேந்துருச்சு அத்தை."

"சேந்துருச்சாம்!" என்று அந்தப் பக்கம் சொன்னார். பிறகு மறுபடி போனுக்கு வந்தார். "என்ன கெடச்சிருச்சுன்ன?"

மறுபடி சொன்னேன். அங்கே இரண்டு பெண்கள் இரண்டு மொழியில் போட்ட சத்தத்துக்குப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

உங்களிடம் கேட்பது

வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. சேகர் பிளேர் கவுன்ட்டருக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். அது வரும்வரை இனியா மாமியாரிடமும் பௌதியிடமும் மாயாபந்தரில் இருப்பாள். பால் மறக்க வைத்தாகிவிட்டது. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். படிக்கப் போவதில் இப்போது எனக்குத் தயக்கம் இல்லை. புது வெள்ளை உடுப்பைப் போட்டுப் பார்த்தபோது, கண்ணாடி முன்னால் நின்று நான் தனியாகச் சிரித்தேன்.

வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. கிளம்பும் அன்று எப்படிக் கிளம்புவது?

தூங்கும்போது போய்விடு, பார்த்தால் ஏங்கிப் போவாள் என்கிறார் மாமியார். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், எழுந்து தேடினால் பாவம் என்கிறார் சேகர். போன வாரம் இனியா டாட்டா காட்டக் கற்றுக்கொண்டாள். பால்காரருக்கும் காட்டுகிறாள், பூனைக்கும் காட்டுகிறாள். போகிற எல்லோரும் உடனே திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாகக் காட்டுகிறாள். காலையில் சொல்லிவிட்டுப் போவதே சரி என்று தோன்றுகிறது. சாயங்காலம் ஆனால் மாமியார் சொல்வது சரி என்று படுகிறது.

கைக்குழந்தையை விட்டுவிட்டுப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பிய அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், இதழுக்கு ஒரு வரி எழுதுங்கள். அப்படி அம்மா விட்டுவிட்டுப் போன பிள்ளைகளான நீங்களும் இன்று வளர்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். அம்மா கிளம்பிப் போவதைக் கண்ணால் பார்த்தது உங்களுக்கு நல்லதாக இருந்ததா, பார்க்காமல் இருந்ததா?